சேலத்துக்கு வருகிறவர்களுக்கு: டிக்கெட்டில் போடாத பத்து மணி நேரம்

டொராண்டோவிலிருந்து பெங்களூரு எவ்வளவு தூரம் என்று கூகுளில் தட்டினால் சுமார் 13,300 கி.மீ. என்று வரும். விமானம் மணிக்கு 900 கி.மீ. பறக்கும். வகுத்துப் பார்த்தால் பதினைந்து மணி நேரம்கூட இல்லை. அந்தக் கணக்கை நம்பி, "ஞாயிறு காலை டிபனுக்கு வந்துடுவேன்" என்று அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள். நான் சொன்னேன், மாலை நான்கு மணிக்குத்தான் அந்த இட்லியைச் சாப்பிட்டேன்.

அந்த 13,300 என்பது உலக உருண்டையின் மேல் நூல் பிடித்து அளந்த தூரம். அது கிரீன்லாந்து மேலே போகும். நாமோ பிராங்பர்ட், தோகா என்று எங்காவது இறங்கி ஏறி வருகிறோம். எல்லாம் சேர்த்து 22 மணி நேரம் என்று வையுங்கள். கோடையில் டொராண்டோ நம் ஊரைவிட ஒன்பதரை மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் பத்தரை. ஜூலையில் வெள்ளி இரவு 9 மணிக்கு ஏறினால் ஞாயிறு விடிகாலை நாலரைக்குப் பெங்களூரு. குடிநுழைவு, பெட்டி எல்லாம் முடிந்து வெளியே வர ஆறு. அப்புறம்தான் சாலை.

சேலத்துக்குச் சென்னையைவிடப் பெங்களூருதான் என் தேர்வு. சென்னையிலிருந்து 340 கி.மீ.; பெங்களூரிலிருந்து 200 சொச்சம். ஆனால் விமான நிலையம் நகரத்துக்கு வடக்கே தேவனஹள்ளியில் இருக்கிறது, நம் வழியோ தெற்கே ஓசூர். ஊரை முழுக்கக் குறுக்கே கடக்க வேண்டும். நள்ளிரவில் இறங்கும் விமானம் கிடைத்தால் விடாதீர்கள், எலக்ட்ரானிக் சிட்டியை விடிவதற்குள் தாண்டிவிடலாம். பகலில் ஐந்து மணி நேரத்துக்குக் குறையாது. சேலத்திலிருந்து வண்டி வரவழைத்தால் கர்நாடக பெர்மிட், டோல் எல்லாம் சேர்த்து வாடகை பேசுங்கள். ஓட்டுநர் இரவெல்லாம் விழித்து வந்திருப்பார். கிருஷ்ணகிரியில் நிறுத்தி ஒரு டீ வாங்கிக் கொடுங்கள். தர்மபுரி தாண்டினால் தொப்பூர் இறக்கம், லாரிகள் அடிக்கடி கவிழ்கிற இடம். அங்கே தூக்கக் கலக்கம் ஆகாது.

சிங்கப்பூர், மலேசியாக்காரர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. திருச்சியில் இறங்கினால் 140 கி.மீ.தான்.

ஓமலூர் பக்கம் காமலாபுரத்தில் சேலத்துக்கே விமான நிலையம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, சிறிய விமானங்கள் வருகின்றன. ஆனால் உள்நாட்டு டிக்கெட்டைத் தனியாக எடுத்தால் பொதுவாகப் 15 கிலோ பெட்டிதான். கனடாவிலிருந்து 23 கிலோ பெட்டி இரண்டு கொண்டுவருகிறவருக்கு அது கட்டுப்படியாகாது.

வந்த அன்றே ஏற்காடு வேண்டாம். முப்பது கி.மீ.தானே என்று தோன்றும். ஆனால் இருபது கொண்டை ஊசி வளைவுகள். விமானத்தில் தூங்காத வயிறு தாங்காது. இரண்டு நாள் கழித்து, சனி ஞாயிறு தவிர்த்துப் போங்கள்.

திரும்பும்போது எதிர்க்காற்று, விமானமே கூடுதல் நேரம் எடுக்கும். தேதியிலும் கவனம்: டிக்கெட்டில் ஞாயிறு அதிகாலை 3 மணி என்றால், சனிக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் சேலத்தை விட்டுக் கிளம்ப வேண்டும்.