மலையூர்க் கடைக்குக் குளிர்பெட்டி: தேர்வும் பராமரிப்பும்

உதகை, குன்னூர், கோத்தகிரி ஆகிய ஊர்களில் புதிதாகப் பேக்கரியோ பால் கடையோ தொடங்குவோர் பலர், ஊரே குளிராக இருக்கும்போது எந்தக் குளிர்பெட்டியை வாங்கினால் என்ன என்று எண்ணுகிறார்கள். ஆனால் விற்பனைக்கு வரும் பெட்டிகளில் பெரும்பாலானவை சமவெளி வெயிலைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டவை. அவற்றுக்கு மலைக்குளிர்தான் சோதனை. ஆகவே, இங்கே வாங்குபவர் கோயம்புத்தூர்க் கடைக்காரரைவிடச் சில கேள்விகளைக் கூடுதலாகக் கேட்டாக வேண்டும்.

படி 1: சரக்கைப் பிரித்து எழுதுங்கள்

பால், தயிர், பனீர், கிரீம் கேக், பச்சை இறைச்சி ஆகியவை 5 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும். ஐஸ்கிரீம், உறைந்த பட்டாணி, உறைந்த இறைச்சி ஆகியவற்றுக்கு மைனஸ் 18 டிகிரி தேவை. இவற்றோடு, பெட்டிக்குள் போகவே கூடாத பொருட்களையும் தனியே எழுதிக்கொள்ளுங்கள். மொறுமொறுப்பான உதகை பிஸ்கட்டான வர்க்கி ஈரம் பட்டால் நமுத்துப்போகும். உருளைக்கிழங்கைக் கடுங்குளிரில் வைத்தால் அதன் மாவுச்சத்து சர்க்கரையாக மாறி, சிப்ஸ் போடும்போது சீக்கிரம் கருகும். சாக்லேட்டுக்கு 15 முதல் 18 டிகிரி போதும் என்பதால், உதகையில் ஆண்டின் பெரும்பகுதி அலமாரியே அதற்கு உகந்த இடம். பெட்டிக்குள்ளிருந்து வெளியே எடுத்தால் அதன்மேல் நீர் பூத்து, சர்க்கரை கரைந்து, காய்ந்தபின் வெள்ளை படிந்துவிடும். நீலகிரியில் சிறிய பிளாஸ்டிக் தண்ணீர்ப் பாட்டில்களுக்குத் தடை இருப்பதால், பாட்டில் அடுக்குவதற்கென்றே கண்ணாடிக் கதவுள்ள பெரிய விசி கூலர் வாங்குவதும் வீண். இந்தப் பட்டியலை எழுதிப் பார்த்தாலே, நினைத்ததைவிடச் சிறிய பெட்டி போதும் என்று பலருக்கும் தெரிந்துவிடும்.

படி 2: கடையின் இரவுக் குளிரை அளந்துவிட்டு வாங்குங்கள்

அதிகம் ஏமாறும் இடம் இதுதான். மேலே ஃப்ரீசர், கீழே குளிரறை என்று இரண்டு பகுதிகள் இருந்து, இரண்டுக்கும் ஒரே கம்ப்ரஸரும், குளிரைப் பார்த்து அதை ஓட்டி நிறுத்தும் ஒரே தெர்மோஸ்டாட்டும் உள்ள பெட்டியை எடுத்துக்கொள்வோம். அந்தத் தெர்மோஸ்டாட் பெரும்பாலும் கீழ்ப்பகுதியின் குளிரைத்தான் பார்க்கிறது. மார்கழி, தை மாதங்களில் ஷட்டரை இறக்கியபின் கடைக்குள் வெப்பம் 6, 7 டிகிரிக்கு இறங்கிவிட்டால், கீழ்ப்பகுதி தானாகவே குளிர்ந்து கிடக்கும். கம்ப்ரஸர் ஓட வேண்டிய தேவையே எழாது. அந்த நேரத்தில் மேலே இருக்கும் ஐஸ்கிரீம் மெல்ல இளகி, காலையில் கடை சூடேறிக் கம்ப்ரஸர் ஓடத் தொடங்கியதும் மீண்டும் உறையும். டப்பாவைத் திறந்தால் ஐஸ்கிரீம் ஓரத்தில் சுருங்கி, பனிப்பொருக்கு கட்டியிருப்பதைக் காணலாம். இதை மெக்கானிக்கிடம் சொன்னால் கேஸ் இறங்கிவிட்டது என்று நிரப்பக்கூடும். ஆனால் இது கேஸ் குறைவதால் வருவதே அல்ல.

ஆகவே, வாங்கும் முன் ஒரு வெப்பமானியைக் கடையில் இரவு முழுவதும் வைத்துக் காலையில் பாருங்கள். பெட்டியின் பெயர்ப்பலகையில் வெப்பநிலை வகை குறிக்கப்பட்டிருந்தால் அதையும் பாருங்கள்: ‘எஸ்என்’ (SN) என்றால் சுற்றுப்புறம் 10 முதல் 32 டிகிரி வரை, ‘டி’ (T) என்றால் 16 முதல் 43 டிகிரி வரை. மலைக்கு ‘எஸ்என்’ நெருக்கமானது. வகை குறிக்கப்படவில்லை என்றால், எத்தனை டிகிரிக்குக் கீழே பெட்டி சரியாக ஓடாது என்று விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள். ஐஸ்கிரீம் விற்பவர்கள் தனித் தெர்மோஸ்டாட் உள்ள டீப் ஃப்ரீசரைத் தனியே வாங்குவதே நல்லது என்பது என் கருத்து.

படி 3: கொள்ளளவு

ஏப்ரல், மே சீசன் கூட்டத்தை மட்டும் கணக்கிட்டுப் பெரிதாக வாங்காதீர்கள். மற்ற மாதங்களில் காலிப் பெட்டிக்கு மின்கட்டணம் கட்ட நேரும்.

படி 4: ஏற்றுவதும் நிறுத்துவதும்

மேட்டுப்பாளையத்திலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிவரும் வண்டியில் பெட்டியை நிமிர்த்தியே கட்டச் சொல்லுங்கள். படுக்க வைத்தால் கம்ப்ரஸர் எண்ணெய் குழாய்க்குள் போய்விடும். இறக்கியபின் சில மணி நேரம் நிற்கவிட்டே மின்இணைப்புக் கொடுங்கள். சுவருக்கும் பெட்டியின் பின்புறத்துக்கும் இடையில் ஒரு சாண் இடைவெளி விடுங்கள். உதகை உயரத்தில் காற்றின் அடர்த்தி சமவெளியைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு என்பதால், பெட்டியின் வெப்பத்தை வெளியே விடும் குழாய்ச்சுருளான கண்டென்சரின் விசிறி அதே வேகத்தில் சுழன்றாலும் குறைவான வெப்பத்தையே வெளியேற்றும். பஜ்ஜி அடுப்பருகில் பெட்டியை வைப்பது இங்கேயும் தவறுதான். மின்அழுத்தம் ஏறி இறங்கும் கடைகளில், மின்சாரம் திரும்பியதும் சில நிமிடங்கள் பொறுத்து இணைக்கும் தாமத வசதி கொண்ட ஸ்டெபிலைசரைப் பொருத்துங்கள்.

படி 5: பராமரிப்பு

காலையிலும் மாலையிலும் பெட்டிக்குள் இருக்கும் வெப்பநிலையை ஒரு நோட்டில் எழுதுங்கள். வெளியே ஒளிரும் எண்ணை மட்டும் நம்பாமல், உள்ளே தண்ணீர் டம்ளரில் நிற்கும் வெப்பமானியைப் பாருங்கள். கண்டென்சரை மாதம் ஒருமுறை மின்இணைப்பைத் துண்டித்துவிட்டு மெல்லிய பிரஷ்ஷால் தட்டுங்கள். மாவும் எண்ணெய்ப்புகையும் உள்ள பேக்கரியில் வாரம் ஒருமுறை செய்வது நல்லது.

மழைக்காலத்தில் கதவு ரப்பரைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கூடலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவத்திலும், குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவத்திலும் காற்றில் ஈரம் மிகுந்து, ரப்பரின் மடிப்புகளில் கருப்புப் பூஞ்சை பிடிக்கும். வெதுவெதுப்பான சோப்பு நீரில் துணியை நனைத்து மடிப்பை விரித்துத் துடைத்து, உலரவிடுங்கள். பிறகு ஒரு பத்து ரூபாய் நோட்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். பிடிமானமே இல்லாமல் வந்துவிட்டால் அந்த இடத்தில் ரப்பர் தளர்ந்துள்ளது. கண்ணாடிக் கதவில் நீர் வழிந்தால், கண்ணாடியில் நீர் பூக்காமல் காக்கும் கதவுச் சூடேற்றியின் சுவிட்சை மின்சாரம் மிச்சம் என்று யாரேனும் அணைத்துவிட்டார்களா என்று பாருங்கள். ஃப்ரீசர் சுவரில் பனி அரைச் சென்டிமீட்டர் கட்டியதும் சரக்கை மாற்றிவிட்டு அணைத்து உருகவிடுங்கள். கத்தியால் சுரண்டினால் குழாய் ஓட்டையாகும்.

மின்தடையின்போது கதவைத் திறக்காவிட்டால் குளிரறையில் உள்ள பால் ஏறத்தாழ 4 மணி நேரம் தாங்கும். மரம் விழுந்து கம்பி அறுந்த இரவுகளில் தடை அதற்கு மேலும் நீளலாம் என்பதால், இணைப்பு வந்ததும் வெப்பமானியைப் பார்த்துவிட்டு, 5 டிகிரியை எப்போது தாண்டியது என்று தெரியாத பாலை விற்பனைக்கு வைக்காதீர்கள்.