திவசத் திதியைச் சரியாகக் குறிப்பது எப்படி?

உடல் அழிந்தாலும் உயிர் சூக்கும உடலோடு தொடர்கிறது என்பது சைவ சித்தாந்தம். அந்த உயிருக்காகச் செய்யும் திவசத்தின் நாளே பிழைத்தால் மனம் ஆறாது. அந்தியேட்டி (31ஆம் நாள் கிரியை) முடியும்வரை காத்திராமல் செத்தவீட்டிலேயே குறித்துவிடுங்கள்.

வேண்டியவை மூன்று: தமிழ் மாதம், பட்சம் (வளர்பிறையா தேய்பிறையா), உயிர் பிரிந்த நேரத்தில் நின்ற திதி. ஆங்கிலத் தேதி மட்டும் போதாது.

பஞ்சாங்கத்தில் நாள் சூரிய உதயத்தில்தான் தொடங்கும். விடியப்புறம் 3 மணிக்கு மோசம் போனவருக்கு முதல்நாள் வரியைப் பார்க்க வேண்டும். அதிகம் பிழைப்பது இங்கேதான். திதி முடிவை நாழிகையில் போட்டிருந்தால் 24 நிமிடத்தால் பெருக்கி உதயத்தோடு கூட்டுங்கள். துவிதியை 20 நாழிகை 30 விநாடி (அதாவது இருபதரை நாழிகை), உதயம் காலை 6.15 என்றால், துவிதியை பகல் 2.27 வரை. அதற்குப் பின் திருதியை.

வெளிநாட்டு மரணமென்றால் நேரத்தை முதலில் இலங்கை நேரத்துக்கு மாற்றுங்கள். குளிர்காலத்தில் ரொறன்ரோ நேரத்தோடு பத்தரை மணித்தியாலம், கோடையில் ஒன்பதரை கூட்டுங்கள். அங்கே குளிர்கால இரவு 9 மணி, யாழ்ப்பாணத்தில் மறுநாள் காலை 7.30. திதி மாறியிருக்கலாம்.

பார்த்த பஞ்சாங்கம் வாக்கியமா திருக்கணிதமா (இரண்டும் வெவ்வேறு கணிப்பு முறைகள்) என்பதையும் குறிப்பிலேயே எழுதுங்கள். இரண்டிலும் முடிவு நேரம் வேறுபடும். வருடாவருடம் அதே பஞ்சாங்கத்தையே பாருங்கள். ஒரு மாதத்தில் அதே திதி இருமுறை வந்தால் பிந்தியதைக் கொள்வதே பொது வழக்கம், ஐயரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

தந்தைக்கு ஆடி அமாவாசையிலும் தாய்க்குச் சித்திராப் பௌர்ணமியிலும் பிடிக்கும் விரதம் தனி. கீரிமலையில் தீர்த்தமாடினாலும் திவசத்தை விடக்கூடாது.