இதயக்கல மாதிரியுருவின் வகைகளை ஒரே களஞ்சியத்தில் வைப்பது எப்படி?

அறிவியல்நகரில் ஒருவர், பம்பைமடுவில் ஒருவர், ஒட்டுசுட்டான் வீட்டில் இருந்தபடி ஒருவர் என மூவர் ஒரே மாதிரியுருவில் (இதயக்கலத்தின் மின்செயலைக் கணினியில் கணக்கிடும் சமன்பாடுகளில்) வேலை செய்தால், கொஞ்ச நாளில் 'ஃபைனல்2', 'புதுசு', 'சேர் சொன்னது' என்று கோப்புகள் குவிந்துவிடும். எது எதிலிருந்து வந்தது என்று பிறகு கண்டுபிடிக்க ஏலாது.

கிட் களஞ்சியத்தில் (கோப்புகளின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் இடம்) வெளியான மாதிரியுரு ஒவ்வொன்றுக்கும் ஒரேயொரு மூலக் கோப்பு வையுங்கள். அதில் யாரும் கைவைக்கக் கூடாது. அதிலிருந்து வரும் வகைகளுக்கு, மாறும் எண்களை மட்டும் தனிக் கோப்பில் எழுதி, மூலத்தின் மேல் ஏற்றி ஓட்டுங்கள்.

இந்த முறை எங்கே பிழையாகும்? மனித இதயவறைக் கலத்துக்கான டென் டஸ்ஸர்–பன்ஃபிலோவ் 2006 மாதிரியுருவைப் பாருங்கள். இதயவறைச் சுவரின் வெளிப்படை, நடுப்படை, உட்படைக் கலங்கள் அதன் மூன்று வகைகள். வெளிப்படைக் கலத்தை மூலமாகக் கொண்டால், நடுப்படைக்கு ஜிகேஎஸ் (மெதுவான பொற்றாசியம் மின்னோட்டத்தின் கடத்துதிறன்) 0.392 இலிருந்து 0.098 ஆகும், ஒரு வரியோடு வேலை முடிந்தது. உட்படைக்கு ஜிடிஓ (தற்காலிக வெளிநோக்கு மின்னோட்டத்தின் கடத்துதிறன்) 0.294 இலிருந்து 0.073 ஆகும். பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் உட்படையில் அந்த மின்னோட்டத்தின் எஸ் வாயிலே (அந்த மின்னோட்டத்தைத் திறந்து மூடும் மாறி) வேறு: அதன் அரைப்புள்ளி (வாயில் பாதி திறந்திருக்கும் மின்னழுத்தம்) −20 இலிருந்து −28 மில்லிவோல்ற்றுக்கு நகர்கிறது, நேரமாறிலியின் வாய்பாடும் மாறுகிறது. இதற்கு எண் கோப்பு போதாது. சமன்பாடு மாறினால் தனி மாதிரியுருக் கோப்புத்தான். ஓ'ஹாரா–ரூடி 2011 என்ற இன்னொரு மனித இதயவறை மாதிரியுருவில் கலவகைக்கென்றே ஓர் ஆளி உண்டு (0 உட்படை, 1 வெளிப்படை, 2 நடுப்படை). அதைப் பிரிக்காமல் விடுங்கள்.

தொடக்க மதிப்புகளையும் வகையோடு சேர்த்து வையுங்கள். வெளிப்படையின் மதிப்புகளோடு நடுப்படையை ஓட்டினால், தாக்க அழுத்தத்தின் (ஒவ்வொரு துடிப்பிலும் கலத்தில் எழுந்து அடங்கும் மின்னழுத்தத்தின்) நீளம் துடிப்புக்குத் துடிப்பு நகரும். 1000 மில்லிசெக்கன் இடைவெளியில் சில நூறு துடிப்புகள் ஓட்டி, நிலைத்தபின் வரும் மதிப்புகளைச் சேமியுங்கள். கூடவே ஏபிடி90 (தாக்க அழுத்தம் 90% அடங்கும்வரை எடுக்கும் நேரம்) இன் அளவையும் எழுதி வைத்தால், அடுத்தவர் ஓட்டிப் பார்த்து உடனே ஒப்பிடலாம்.

மாதிரியுருக்களை எழுதும் செல்எம்எல் வடிவக் கோப்பைச் சில மென்பொருள்கள் சேமிக்கும்போது முழுவதையும் திருப்பி எழுதிவிடும். ஓர் எண்ணை மாற்றினாலும் கிட் நூறு வரி மாறியதாகக் காட்டும். மாதிரியுருக்களை ஓட்டும் மயோகிட் மென்பொருளின் எம்எம்டி வடிவம் வெறும் எழுத்துக் கோப்பு என்பதால் அன்றாட வேலைக்கு அதுவே சுகம். ஓட்டி எடுத்த தரவுகளைக் களஞ்சியத்தில் போடாதீர்கள், இறக்கும்போது ஃபோன் டேட்டா கரைந்துவிடும்.

சிக்னல் இல்லாத இடத்துக்குக் கோப்புறையைப் பென்ட்ரைவில் பிரதி எடுத்துக் கொடுத்தால் ஒருவர் வேலையை மற்றவரது அழிக்கும். 'கிட் பண்டில்' (களஞ்சியத்தை ஒரே கோப்பாகக் கட்டும் கிட் கட்டளை) செய்து ஒரே கோப்பாகக் கொடுங்கள். கடைசி டேக்குக்குப் (ஒரு நிலைக்குப் பெயரிட்டு வைத்த அடையாளம்) பின் வந்தவற்றை மட்டும் கட்டினால் அளவு சிறிது. ஆனால் வாங்குபவரிடம் அந்த டேக் ஏற்கனவே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கிட் ஏற்காது.