அப்பாவின் ஹெர்குலஸ் சைக்கிளைத் தினமும் ஓட்டும்படி ஆக்குவது

மாடிப்படிக்கு அடியில் பன்னிரண்டு வருடம் நின்ற வண்டி. அப்பா அதில்தான் கும்பகோணம் மார்க்கெட்டுக்கு வெற்றிலைக் கட்டு ஏற்றிப் போவார். 1949இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ், அம்பத்தூர் ஆலையில் செய்த பார் வைத்த 28 அங்குல ஹெர்குலஸ். இப்போது அதில் தினமும் ஆறு கிலோமீட்டர் வேலைக்குப் போய்வருகிறேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று நின்றால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். இந்த வகை வண்டி இன்னும் ஓடிக்கொண்டிருப்பதால் டயர், டியூப், பிரேக் கட்டை எல்லாம் சாதாரண சைக்கிள் கடையிலேயே கிடைக்கும்.

காசு செலவழிக்கும் முன் பிரேமைப் பாருங்கள். குழாய்கள் சேரும் இடங்களில் விரிசல் இருந்தால் அந்த வண்டி வேண்டாம். பக்கவாட்டில் நின்று, முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவையான போர்க்கையும் கவனியுங்கள். நேராக இறங்கி, அடியில் முன்பக்கம் வளைய வேண்டும். பின்னால் தள்ளியிருந்தால் எங்கோ மோதியிருக்கிறது, போர்க்கை மாற்றுங்கள்.

அப்புறம் ஓவராயில், அதாவது எல்லாவற்றையும் கழற்றிச் சுத்தம் செய்து திரும்ப மாட்டுவது. இதில் கஷ்டமானது, பெடல் கட்டையை (பெடல் மாட்டியிருக்கும் இரும்புக் கை) நடு அச்சோடு பிடித்திருக்கும் ஆப்பு மாதிரியான கோட்டர் பின்தான். நான் முதல் தடவை கட்டைக்கு அடியில் முட்டு எதுவும் கொடுக்காமல் சுத்தியலால் அடித்தேன். பின் வளைந்தது, நட் மரையும் போனது. சரியான முறை இது: முந்தின நாள் இரவே பின்னைச் சுற்றி எண்ணெய் விட்டு ஊறவிடுங்கள். நட்டை முழுசாகக் கழற்றாமல், மரையின் நுனிக்குச் சமமாக வரும்வரை தளர்த்துங்கள். பின்னின் தலைப்பக்கம் கீழே இருக்கட்டும். அந்தத் தலை உள்ளே இறங்கும் அளவுக்கு ஓட்டையுள்ள இரும்புக் குழாயைத் தரையிலிருந்து கட்டைக்கு முட்டுக் கொடுத்து, ஓங்கி ஒரே அடி. தயங்கித் தயங்கித் தட்டினால் பின்தான் நசுங்கும். திரும்ப மாட்டும்போது புதுப் பின் போடுங்கள். இரண்டு பின்னும் எதிரெதிர்த் திசையில் இறங்க வேண்டும். இல்லாவிட்டால் பெடல்கள் ஒரே கோட்டில் நிற்காது.

கப்பிலிருந்து (குண்டுகள் உட்காரும் கிண்ணம்) பால்ரஸ் குண்டுகளை எடுக்கும்போது எண்ணி வையுங்கள். குண்டு மலிவு, அதனால் எல்லாவற்றையும் புதிதாகவே போடலாம். கப்பையும், குண்டுகளை அழுத்திப் பிடிக்கும் கோனையும் டீசலில் கழுவித் துடைத்து, விரலால் தடவுங்கள். குழி தட்டுப்பட்டால் மாற்றுங்கள். கிரீஸில் கஞ்சத்தனம் வேண்டாம். கோனை இறுக்கியபின் சக்கரம் ஆடவும் கூடாது, சுற்றும்போது கரகரக்கவும் கூடாது.

செயினில் 24 கண்ணி சரியாக 12 அங்குலம். அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு கூடியிருந்தால் செயினையும், பின் சக்கரத்தில் செயின் ஓடும் பல் சக்கரமான பிரீவீலையும் சேர்த்தே மாற்றுங்கள். காற்றடிக்கும் வால்வின் மேல் மாட்டும் சின்ன ரப்பர் குழாயான பழைய வால்டியூப் மக்கியிருக்கும், அதையும் மாற்றிவிடுங்கள். ரிம் பெண்டு எடுக்க மட்டும் கடைக்குப் போனேன். பின் சக்கரத்தின் 40 போக்ஸ் கம்பியை இழுத்துச் சரிபார்க்க அனுபவமுள்ள கை வேண்டும்.

கம்பி பிரேக்கில் கட்டைகள் ரிம்மின் உள்பக்கத்தைப் பிடிக்கும். அங்கே துருவோ எண்ணெயோ இருக்கக் கூடாது. மழையில் இரும்பு ரிம் வழுக்கும், அதனால் முன்கூட்டியே பிடிக்கப் பழகிக்கொள்ளுங்கள்.

பெயிண்டைச் சுரண்டாதீர்கள் என்பது என் வேண்டுகோள். சோப்புத் தண்ணீரில் கழுவினாலே பழைய பச்சையும் தங்கக் கோடும் தெரியும். கயிறு உரசி பாரில் விழுந்த தடத்தை நான் அப்படியே விட்டிருக்கிறேன். குரோம் துருவை, கசக்கிய அலுமினியத் தாளைத் தண்ணீரில் தொட்டுத் தேய்த்தால் போய்விடும். தேய்த்ததும் துடைத்து எண்ணெய் பூசுங்கள்.

சீட்டில் உட்கார்ந்து குதிகாலைப் பெடலில் வைத்தால், பெடல் அடியில் இருக்கும்போது கால் நேராக நீள வேண்டும். அதுதான் சரியான உயரம். ஒரு வாரம் ஓட்டியபின் கோட்டர் பின்னை மெல்லத் தட்டி நட்டை மறுபடி இறுக்குங்கள், புதுப் பின் கொஞ்சம் உள்ளே இறங்கியிருக்கும்.