முதலில் தானியேல், அப்புறம் செய்தித்தாள்

எங்காவது போர் மூண்டால் போதும், எங்கள் பெரம்பூர் சபையின் வாட்ஸ்அப் குழுவில் வேதாகமத்தின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்தின் வசனங்கள் வரிசைகட்டி வரும். கூடவே, அதில் வரும் மிருகங்களில் எந்த நாடு எந்த மிருகம் என்று ஒரு பட்டியல். வாலிபர் வேதபாடம் நடத்துகிறவள் என்பதால் கேள்வியெல்லாம் என்னிடம் வந்து சேரும். வல்லரசுகளையும் பொருளாதாரத்தையும் வேத வெளிச்சத்தில் பார்க்கத்தான் வேண்டும், அதை முழுமனதோடு நம்புகிறேன். ஆனால் செய்தியைப் படித்துவிட்டு அதற்கு வசனம் தேடக்கூடாது. வசனத்தைப் படித்த பிறகுதான் செய்திக்கு வர வேண்டும்.

எடுத்தவுடன் வெளிப்படுத்தின விசேஷத்துக்குப் போகாமல் பழைய ஏற்பாட்டின் தானியேல் 8ஆம் அதிகாரத்தில் ஆரம்பியுங்கள். அங்கே ஆட்டுக்கடாவும் வெள்ளாட்டுக்கடாவும் மோதுகின்றன. யார் அவை என்று 20, 21ஆம் வசனங்களே சொல்லிவிடுகின்றன: மேதிய பெர்சிய ராஜாக்கள், கிரேக்க ராஜா. வெள்ளாட்டுக்கடாவின் பெரிய கொம்பு முறிந்து நாலு கொம்பு முளைப்பதை, கி.மு. 323இல் அலெக்சாந்தர் இறந்தபின் அவனுடைய தளபதிகள் ராஜ்யத்தைப் பங்குபோட்டுக்கொண்டதோடு சேர்த்துப் பாருங்கள்.

ஒரு நோட்டில் நடுவே கோடு போட்டுக்கொள்ளுங்கள். வேதமே பேர் சொன்னது இடப்பக்கம், நாம் ஊகிப்பது வலப்பக்கம். தானியேல் 2இல் ராஜா கனவில் கண்ட சிலையின் பொன் தலை அந்த ராஜா நேபுகாத்நேச்சாரே என்பது இடப்பக்கம் போகும். இரும்புக் கால்கள் ரோமா என்பது வலப்பக்கம்தான். நம்மில் பலர் அப்படித்தான் போதிக்கிறோம், நானும்தான். என்றாலும் அந்த அதிகாரத்தில் ரோமாவின் பேர் இல்லை.

வலப்பக்கத்தைப் பென்சிலில் எழுதச் சொல்வேன். 1957இல் ரோமாபுரியில் ஆறு நாடுகள் கையெழுத்துப் போட்டு ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தைத் தொடங்கின. 1981இல் கிரீஸ் சேர்ந்ததும் பத்து ஆயிற்று. இதுதான் வெளிப்படுத்தின விசேஷத்தில் வரும் மிருகத்தின் பத்துக் கொம்பு என்று பல போதகர்கள் அடித்துச் சொன்னார்கள். 1986இல் ஸ்பெயினும் போர்ச்சுகலும் சேர்ந்து பன்னிரண்டு. இன்று 27. அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்ற பிரசங்கியாரின் பேச்சைக் கேட்டவர்கள் 1844 அக்டோபர் 22 அன்று ஆண்டவர் வருவார் என்று காத்திருந்து மனமுடைந்துபோனார்கள். தேதி குறிக்கும் பேச்சு வந்தாலே காலங்களை அறிவது நமக்கு அடுத்ததல்ல என்று சொல்லும் அப்போஸ்தலர் 1:7ஐ வாசித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுங்கள்.

அடுத்து, முதலில் கேட்டவர்கள் யார் என்று பார்க்க வேண்டும். வெளிப்படுத்தின விசேஷம் போய்ச் சேர்ந்தது இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதியிலிருந்த ஏழு சபைகளுக்கு. எல்லாம் ரோம ஆட்சியின் கீழ் இருந்த ஊர்கள். 17:9இல் ஏழு மலைகள் என்று வாசித்தபோது எபேசுவில் உட்கார்ந்திருந்தவருக்கு எந்த நகரம் ஞாபகம் வந்திருக்கும்? ஏழு குன்றுகளின் மேல் கட்டிய ரோமாதான். நம் விளக்கம் அவருக்கு ஒன்றுமே புரியாத விளக்கமாக இருந்தால், அதை இன்னொரு தடவை சோதித்துப் பாருங்கள்.

இனி பொருளாதாரம். அதே வெளிப்படுத்தின விசேஷத்தில் 6:6இல் ஒரு பணத்துக்கு ஒரு படி கோதுமை. ஒரு பணம் என்பது ஒரு நாள் கூலி (மத்தேயு 20:2). அந்தப் படி கோதுமை ஒரு ஆளின் ஒரு நாள் சாப்பாடு. நாள் முழுக்க உழைத்தவனுக்கு அவன் வயிறு மட்டும்தான் நிரம்பும், வீட்டில் பிள்ளைகளுக்கு? எண்ணெய்க்கும் திராட்சரசத்துக்கும் மட்டும் சேதம் வரக்கூடாதாம். கோயம்பேட்டில் விலை ஏறுகிற நாளில் யார் வீட்டு உலை முதலில் காய்கிறது என்று யோசித்தபடி அந்த வசனத்தைப் படியுங்கள்.

நான் பாரிமுனையில் ஒரு கிளியரிங் ஆபீசில் வேலை பார்க்கிறேன். சரக்குப் பட்டியல் பார்ப்பதுதான் தினசரி வேலை. அதனாலோ என்னவோ, 18:12-13ஐ என்னால் வேகமாகத் தாண்டிப் போக முடிவதில்லை. பொன், வெள்ளி, முத்து, பட்டு, தந்தம், இலவங்கப்பட்டை, கோதுமை, மாடு, குதிரை, இரதம் என்று போய், கடைசியில் அடிமைகள், மனுஷருடைய ஆத்துமாக்கள். மனிதனும் சரக்கு, அதுவும் பட்டியலின் அடியில். இந்தச் சரக்கையெல்லாம் வாங்கிய பாபிலோன் என்ற மகா நகரம் விழுந்ததும் வியாபாரிகள் அழுகிறார்கள், தங்கள் சரக்கை வாங்க ஆளில்லையே என்று. மாலுமிகளும் தூரத்தில் நின்று புலம்புகிறார்கள். அந்த அடிமைகளுக்காக ஒருவர்கூட அழவில்லை. பாபிலோன் நியூயார்க்கா, பெய்ஜிங்கா என்று வாலிபர்கள் கேட்டால் நான் இந்தப் பட்டியலைத்தான் திரும்ப வாசிக்கச் சொல்வேன். எந்தப் பொருளாதாரத்தில் மனிதனுக்குப் பட்டியலின் அடியில் இடம் கிடைக்கிறதோ அங்கே பாபிலோனின் குணம் இருக்கிறது. அது நம் நாட்டிலும் இருக்கலாம், நாம் வாங்கும் சட்டையிலும் இருக்கலாம்.

"அக்கா, ஆதார்தான் முத்திரையா? யூபிஐயா?" இது ஓயாத கேள்வி. மிருகத்தின் முத்திரை இல்லாதவன் வாங்கவும் விற்கவும் முடியாது என்று 13ஆம் அதிகாரம் சொல்வதைத்தான் கேட்கிறார்கள். அந்த அதிகாரத்தை 15ஆம் வசனத்திலிருந்து நிதானமாக வாசித்து, நிற்காமல் 14:1 வரை போங்கள். ஒரு கூட்டத்தின் நெற்றியில் மிருகத்தின் முத்திரை, இன்னொரு கூட்டத்தின் நெற்றியில் பிதாவின் நாமம். யாரை வணங்குகிறோம் என்பதுதான் அங்கே கேள்வி. அடையாள எண் வாங்கிய விசுவாசியைப் பயமுறுத்தாதீர்கள். அதேசமயம், வாங்கவும் விற்கவும் விடாமல் ஒருவரைத் தடுக்கும் அதிகாரம் எவ்வளவு கொடியது என்று அந்த வேதப்பகுதி எச்சரிக்கிறது. ரேஷன் கடையில் கைரேகை பதியாமல் வெறும் பையோடு திரும்பும் பாட்டிக்கு அது நன்றாகவே புரியும். சபையில் அப்படி யாராவது இருந்தால் கூடப் போய் நில்லுங்கள்.

இவ்வளவும் பழகியபின் எசேக்கியேல் 27ஐ வெளிப்படுத்தின விசேஷம் 18க்குப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். அது தீரு என்ற பழைய வியாபார நகரத்தின் துறைமுகக் கணக்கு. தர்ஷீசின் வெள்ளி, இரும்பு, ஈயம் எல்லாம் அதில் உண்டு. 13ஆம் வசனம் வந்ததும் நிறுத்தி, வெண்கலப் பாத்திரங்களோடு சேர்த்து வேறு எதை விற்றார்கள் என்று நோட்டின் இடப்பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.