பத்தொன்பதாம் நூற்றாண்டுக் காலனிய ஒப்பந்தம் ஒன்றை எவ்வாறு வாசிப்பது?

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பிய அரசுகள் ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் கைப்பற்றிய நிலங்கள் பலவற்றுக்குப் பின்னால் ஒரு காகிதம் இருக்கிறது. உள்ளூர் அரசர் ஒருவரின் பெயரும், அவர் இட்டதாகச் சொல்லப்படும் குறியும், ஐரோப்பியத் தூதர் அல்லது கம்பெனி முகவரின் கையொப்பமும் அதில் இருக்கும். வரலாறு கற்கத் தொடங்குவோரில் சிலர் அதில் எழுதியுள்ளதே நடந்தது என்று கொள்கின்றனர். வேறு சிலர் அது முழுவதும் மோசடி என்று வாசிக்காமலே ஒதுக்கிவிடுகின்றனர். இரண்டாவது தவறுதான் பெரிது என்று நான் கருதுகிறேன். ஏனெனில், முறையாக வாசித்தால், ஆக்கிரமிப்பு எந்தப் படிகளில் நடந்தது என்பதை அந்தக் காகிதமே காட்டிக்கொடுத்துவிடும்.

ஒப்பந்தத்தைக் கையில் எடுத்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இது யாருக்குக் காட்டுவதற்காக எழுதப்பட்டது என்பதே. கையொப்பமிட்ட இருவருக்காகத்தான் என்று எண்ணத் தோன்றும். ஆனால் பெரும்பாலும் அது அங்கில்லாத மூன்றாமவருக்கு, அதாவது போட்டியிட்ட மற்றோர் ஐரோப்பிய அரசுக்குக் காட்டுவதற்கான சான்று. 1884 நவம்பர் 15 முதல் 1885 பிப்ரவரி 26 வரை ஆப்பிரிக்காவைப் பற்றி நடந்த பெர்லின் மாநாட்டில் 14 அரசுகள் பங்கேற்றன. ஆப்பிரிக்க அரசர் எவருக்கும் அங்கே இடமில்லை. அதன் பொதுச் சட்டத்தின் 34ஆம் பிரிவு, ஆப்பிரிக்கக் கடற்கரையில் புதிதாக நிலம் கொள்ளும் அல்லது பாதுகாப்பு ஆட்சி (உள்ளூர் அரசரைத் தன் மேலாண்மையின்கீழ் வைக்கும் ஆட்சி) நிறுவும் அரசு அதைப் பிற அரசுகளுக்கு அறிவிக்க வேண்டும் என்றது. 35ஆம் பிரிவு, அங்கு ஏற்கெனவே உள்ள உரிமைகளைக் காக்கப் போதுமான அதிகாரம் நிறுவப்பட வேண்டும் என்றது. இவ்விதிகள் கடற்கரைக்கு மட்டுமே உரியவை என்றாலும், உரிமை கோருவோர் கையில் ஏதேனும் ஆவணம் இருக்க வேண்டும் என்ற வழக்கம் உள்நாட்டிலும் பரவியது.

ஆகவே ஒப்பந்தத்தின் தேதியைக் குறித்துக்கொண்டு, அதற்கு முன்னும் பின்னும் ஐரோப்பியத் தலைநகரங்களில் நடந்தவற்றை அதனருகே வரிசையாக எழுதுங்கள். கார்ல் பீட்டர்ஸ் என்ற ஜெர்மானியர் 1884ஆம் ஆண்டின் இறுதி வாரங்களில் இன்றைய தான்சானியாவின் உட்பகுதிக்குச் சென்று, உசகாரா முதலிய இடங்களின் தலைவர்களிடம் ஒப்பந்தங்கள் பெற்றுத் திரும்பினார். அவற்றைத் தனியே வாசித்தால் அவர் காட்டிய அவசரம் புரியாது. பெர்லின் மாநாடு முடிந்த மறுநாளே, 1885 பிப்ரவரி 27 அன்று, அவருடைய குடியேற்றச் சங்கத்துக்கு ஜெர்மன் பேரரசின் பாதுகாப்புப் பட்டயம் வழங்கப்பட்டது என்பதை அருகில் எழுதினால்தான் அந்த அவசரத்தின் காரணம் விளங்கும். அந்நிலங்கள் தமக்கு உரியவை என்று சான்சிபார் சுல்தான் பர்காஷ் எதிர்ப்புத் தெரிவித்தார். ஆகஸ்டில் ஜெர்மன் போர்க்கப்பல்கள் அவருடைய துறைமுகத்தின் முன் வந்து நின்றபின் அவர் பணிய நேர்ந்தது.

அடுத்து, கையொப்பமிட்டவர் யார், அவருக்கு அந்நிலத்தைப் பற்றிப் பேசும் உரிமை இருந்ததா என்று பாருங்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் வணிகம் செய்த பிரிட்டிஷ் நிறுவனமான ராயல் நைஜர் கம்பெனி தன் ஒப்பந்தங்களுக்கு ஆயத்தப் படிவங்களையே வைத்திருந்தது; ஊர்ப் பெயரும் அரசர் பெயரும் நிரப்பினால் போதும். அக்கம்பெனிக்காக 1894 நவம்பரில் போர்கு நாட்டின் நிக்கி நகருக்குச் சென்ற ஆங்கிலேயர் லுகார்ட், அரசரை நேரில் காணாமலே, அவர் சார்பில் என்று வேறு சிலரிடம் ஒப்பந்தம் பெற்றார். பிரெஞ்சு அதிகாரி டெக்கேர் அதே மாதத்தில் வந்து சேர்ந்து தமக்கென ஓர் ஒப்பந்தம் பெற்றார். எது செல்லும் என்ற சச்சரவு ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் நீடித்தது. 1898 ஜூன் 14 அன்று பாரிசில் இரு அரசுகளும் செய்துகொண்ட உடன்பாட்டில் நிக்கி பிரான்சுக்குப் போனது. முதலில் வந்த காகிதம் பிரிட்டனிடம் இருந்தும் பயனில்லை. பேரம்தான் எல்லையை வகுத்தது. ஒப்பந்தங்கள் அந்தப் பேரத்தில் வைக்கப்பட்ட பணயங்களாக இருந்தன.

மூன்றாவதாக, கொடுத்ததையும் பெற்றதையும் இரு பக்கங்களாகப் பிரித்து எழுதுங்கள். இதற்கு 1888 அக்டோபர் 30 அன்று இன்றைய ஜிம்பாப்வேயில் ந்தெபெலே மக்களை ஆண்ட அரசர் லோபெங்குலா குறியிட்ட ரட் சலுகை ஆவணத்தைவிடச் சிறந்த பாடம் இல்லை. நேரம் இருப்பவர்கள் இந்த ஒன்றையேனும் வரிவரியாக வாசிக்க வேண்டும். அரசருக்குக் கிடைக்க வேண்டியவை துல்லியமான எண்களில் உள்ளன: மாதம் 100 பவுண்டு பணம், 1,000 மார்ட்டினி ஹென்றி துப்பாக்கிகள், 1,00,000 தோட்டாக்கள், சாம்பேசி ஆற்றில் பீரங்கி பொருத்திய நீராவிப் படகு ஒன்று அல்லது அதற்கு ஈடாக 500 பவுண்டு. சார்லஸ் ரட்டும் அவருடைய இரு கூட்டாளிகளும் பெற்றதற்கோ எண்ணும் இல்லை, எல்லையும் இல்லை: நாட்டிலுள்ள எல்லா உலோகங்கள், கனிமங்கள் மீதும் முழுமையான தனியுரிமை, அவற்றை எடுப்பதற்குத் தேவையென்று தாங்கள் கருதும் அனைத்தையும் செய்யும் அதிகாரம். ஒரு பக்கம் எண்ணப்பட்டும் மறுபக்கம் எண்ணப்படாமலும் இருக்கும் ஒப்பந்தத்தைக் கண்டால், எண்ணப்படாத பக்கத்தில்தான் நிலம் கைமாறியிருக்கும்.

இந்த ஆவணத்தில் எழுதப்படாத ஒன்றும் உண்டு. சுரங்க வேலைக்குப் பத்து வெள்ளையருக்கு மேல் அழைத்துவர மாட்டோம், நாட்டின் சட்டங்களுக்குக் கட்டுப்படுவோம் என்று அரசருக்கு வாய்மொழியாக உறுதி கூறப்பட்டது. அன்று மொழிபெயர்த்த பாதிரியார் ஹெல்ம் எழுதிய கடிதத்தால்தான் இது நமக்குத் தெரிகிறது. ஒப்பந்தத்தில் இதன் சுவடே இல்லை. லோபெங்குலா தாம் ஏமாற்றப்பட்டதை உணர்ந்து, தம் தூதர்களை லண்டனுக்கு அனுப்பினார். விக்டோரியா அரசிக்குக் கடிதம் எழுதி அந்தச் சலுகையை மறுத்தார். ஆயினும் 1889 அக்டோபரில், ரட்டை அனுப்பிய செசில் ரோட்சின் பிரிட்டிஷ் தென்னாப்பிரிக்கக் கம்பெனிக்கு அரச பட்டயம் கிடைத்தது. 1890இல் ஆயுதம் தாங்கிய நூற்றுக்கணக்கானோர் மஷோனா நிலத்தில் நுழைந்தனர். 1893இல் மாக்சிம் இயந்திரத் துப்பாக்கிகளுடன் போர் வந்தது. எனவே ஒப்பந்தத்தோடு நிறுத்தாமல், அதைப் பெறும்போது உடனிருந்த பாதிரிமார், வணிகர், மொழிபெயர்ப்பாளர் ஆகியோரின் கடிதங்களையும், அரசரின் மறுப்புக் கடிதங்களையும் தேடுவது வாசிப்பின் பாதி வேலை.

அடித்து நீக்கப்பட்ட பிரிவுகள் ஏதும் உண்டா என்றும் கவனிக்க வேண்டும். நைஜர் கழிமுகப் பகுதியில் ஒபோபோவை ஆண்ட ஜாஜா, பாமாயில் வணிகத்தில் ஐரோப்பிய இடைத்தரகர்களுக்கு இடம் கொடுக்காமல் நேரடியாக லிவர்பூலுக்கே சரக்கு அனுப்பிய வல்லவர். 1884இல் பிரிட்டிஷ் தூதர் ஹியூவெட் பாதுகாப்பு ஒப்பந்தத்துடன் வந்தபோது, அந்தப் பாதுகாப்பு என்பது எதைக் குறிக்கிறது என்று அவர் எழுத்தில் விளக்கம் பெற்றார். தடையற்ற வணிகம் பற்றிய பிரிவை நீக்கிய பிறகே அவ்வாண்டு டிசம்பரில் கையொப்பமிட்டார். ஒப்பந்தம் அவருக்குப் புரியவில்லை என்று எவரும் சொல்ல முடியாது. 1887இல் தூதர் ஹாரி ஜான்ஸ்டன் பேச்சுவார்த்தைக்கென்று அழைத்து அவரைச் சிறைப்படுத்தி மேற்கிந்தியத் தீவுகளுக்கு நாடு கடத்தச் செய்தார். திரும்பும் வழியில் 1891இல் அவர் இறந்தார். நீக்கப்பட்ட அந்த ஒரு பிரிவைத் தேடிப் பார்க்காதவர்களுக்கு இந்தக் கைதின் காரணம் விளங்காது.

இரு மொழிகளில் எழுதப்பட்ட ஒப்பந்தமெனில் இரண்டு வடிவங்களையும் ஒப்பிட வேண்டும் என்பது தெரிந்ததே. 1889 மே 2 அன்று எத்தியோப்பியாவும் இத்தாலியும் செய்த உச்சாலி ஒப்பந்தத்தின் 17ஆம் பிரிவின்படி, எத்தியோப்பியா பிற நாடுகளுடன் இத்தாலி வழியாகத் தொடர்புகொள்வது எத்தியோப்பிய மொழியான அம்ஹாரிக்கில் விருப்பமாகவும் இத்தாலியத்தில் கடமையாகவும் இருந்தது பலரும் அறிந்த செய்தி. அதனினும் முக்கியமாக நான் கருதுவது, அவ்வாண்டு அக்டோபரிலேயே இத்தாலி அப்பிரிவைக் காட்டி, பெர்லின் சட்டத்தின் 34ஆம் பிரிவின்படி பிற அரசுகளுக்கு அறிவிப்பு அனுப்பியதே. எத்தியோப்பியப் பேரரசர் மெனெலிக் வாசிக்க வேண்டிய வடிவம் வேறு, லண்டனும் பாரிசும் வாசிக்க வேண்டிய வடிவம் வேறு. மெனெலிக் 1893இல் ஒப்பந்தத்தை முறித்தார். 1896 மார்ச் 1 அன்று அத்வாவில் இத்தாலியப் படையை வென்று, அக்டோபரில் அடிஸ் அபாபாவில் அதை இரத்து செய்யவைத்தார்.

ஆசியாவின் ஒப்பந்தங்களைச் சங்கிலியாக வாசிக்க வேண்டும். தனித்தனியே வாசித்தால் பொருள் பிடிபடாது. 1842 ஆகஸ்ட் 29 அன்று கையெழுத்தான நான்கிங் ஒப்பந்தம் சீனாவின் மீது 2.1 கோடி வெள்ளி டாலர் சுமத்தி, ஐந்து துறைமுகங்களைத் திறந்து, ஹாங்காங்கைப் பறித்தது. ஆனால் வேறு எந்த நாட்டுக்குச் சலுகை தரப்பட்டாலும் அது பிரிட்டனுக்கும் உரியது என்ற விதி 1843இன் துணை ஒப்பந்தத்தில்தான் வந்தது. 1844இல் அமெரிக்காவும் பிரான்சும் தத்தம் ஒப்பந்தங்களில் அதையே பெற்றன. அதன்பின் ஒருவருக்குக் கொடுத்தது எல்லோருக்கும் கொடுத்ததாயிற்று.

இறுதியாக, கையெழுத்தாகாத ஒப்பந்தங்களையும் உங்கள் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். இன்றைய கானாவிலிருந்த அசாந்தே நாட்டின் அரசர் முதலாம் பிரெம்பே 1891இல் பிரிட்டிஷ் பாதுகாப்பை மறுத்தார். 1896இல் படை வந்து அவரைச் சிறைப்பிடித்தது. மாறாக, பெச்சுவானா (இன்றைய போட்ஸ்வானா) தலைவர்களான காமா, செபெலே, பதோயென் மூவரும் 1895இல் லண்டனுக்கே சென்று, ரோட்சின் கம்பெனியிடம் தம் நாட்டை ஒப்படைக்காமல் அரசியின் நேரடிப் பாதுகாப்பிலேயே வைத்திருக்க வேண்டும் என்று வாதாடினர்; பெரும்பகுதி வெற்றியும் பெற்றனர். அரசர்களின் இத்தகைய மறுப்புகளும் விண்ணப்பங்களும் ஒப்பந்தத் தொகுப்புகளில் பெரும்பாலும் அகப்படுவதில்லை. தூதர்கள் தம் அரசுக்கு அனுப்பிய அறிக்கைகளின் பின்னிணைப்புகளிலும், பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அச்சிட்ட, நீல நூல்கள் எனப்பட்ட அறிக்கைத் தொகுதிகளிலும் அவற்றைத் தேட வேண்டும்.