காரில் புதிதாகக் கேட்கும் சத்தம் எங்கிருந்து வருகிறது?

காரில் புதிதாக ஒரு சத்தம் கேட்டவுடன் எந்தப் பாகம் கெட்டிருக்கும் என்று ஊகிக்கத் தொடங்கிவிடுகிறோம். அதற்கு முன், அந்தச் சத்தம் எதனோடு சேர்ந்து கூடிக் குறைகிறது என்று கவனியுங்கள். என்ஜின், சக்கரம், ஸ்டீயரிங், பிரேக், சாலையின் மேடுபள்ளம் ஆகியவற்றில் பெரும்பாலும் ஒன்றோடுதான் அது ஒத்துப்போகும்.

முதலில் காரை நிறுத்தி டயர்களைப் பாருங்கள். டயரின் பள்ளத்தில் சிக்கிய ஒரு சிறு கல், சக்கரம் ஒரு சுற்று சுற்றும்போதெல்லாம் ஒரு முறை 'டிக்' என்று தரையைத் தட்டும். அதைப் பெரிய கோளாறு என்று எண்ணி நானே இரண்டு நாள் கவலைப்பட்டிருக்கிறேன். வீல் நட்டுகள் இறுக்கமாக உள்ளனவா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

அடுத்து, நின்ற நிலையில் நியூட்ரலில் வைத்து ஆக்சிலரேட்டரை மெல்ல அழுத்துங்கள். அப்போதே சத்தம் கேட்டால், அது என்ஜினையோ அதன் பெல்ட்டையோ சைலன்சரையோ சேர்ந்தது.

ஓடும்போது மட்டும் கேட்டால், போக்குவரத்து இல்லாத சாலையில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் மூன்றாம் கியரில் சென்று, வேகத்தை மாற்றாமல் நான்காம் கியருக்கு மாறுங்கள். என்ஜின் சுழற்சி குறைகிறது, சக்கர வேகம் குறைவதில்லை. ஆகவே சத்தம் தணிந்தால் என்ஜின் பக்கமும், அப்படியே நீடித்தால் சக்கரப் பக்கமும் தேட வேண்டும்.

சக்கரப் பக்கத்திலிருந்து வரும் 'ஊ' என்ற ஓசைதான் பலரையும் குழப்புகிறது. சாலையின் மேற்பரப்பு மாறும்போது ஓசையும் மாறினால் டயர் சீரற்றுத் தேய்ந்திருக்கலாம். வளைவில் இடப்பக்கம் திரும்புகையில் எடை வலப்பக்கச் சக்கரங்களின் மேல் சாய்வதால், அப்போது ஓசை கூடி, வலப்பக்கம் திரும்புகையில் குறைந்தால், வலப்பக்க வீல் பேரிங்கை (சக்கரம் உராய்வின்றிச் சுழல உதவும் பாகம்) சந்தேகிக்கலாம். ஸ்டீயரிங்கை முழுவதும் திருப்பி மெதுவாக நகரும்போது 'டக் டக்' என்று கேட்டால், முன்சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுசெல்லும் தண்டான டிரைவ் ஷாஃப்ட்டின் சி.வி. ஜாயின்ட் (சக்கரம் திரும்பும்போதும் சுழற்சியைக் கடத்தும் மூட்டு) தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். வேகத்தடையில் மட்டும் 'கடக்' என்றால் சஸ்பென்ஷன் புஷ்களை (அதிர்வைத் தாங்கும் அமைப்பின் மூட்டுகளில் உள்ள ரப்பர் உறைகள்) மெக்கானிக்கைப் பார்க்கச் சொல்லுங்கள்.

அதிர்வுக்கும் இதே முறைதான். மணிக்கு ஏறத்தாழ 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் ஸ்டீயரிங் நடுங்கினால் முன்சக்கரங்களின் பேலன்சிங்கையும் (எடை சுற்றிலும் சமமாக உள்ளதா என்பதையும்), இருக்கை நடுங்கினால் பின்சக்கரங்களையும் முதலில் சோதியுங்கள். பிரேக் அழுத்தும்போது மட்டும் பெடலும் ஸ்டீயரிங்கும் துடித்தால், பிரேக் டிஸ்க்கின் தடிமன் சீராக இல்லை என்று பொருள்.

பிரேக்கில் இரும்போடு இரும்பு உரசும் ஒலி கேட்டாலும், சக்கரம் திடீரென ஆடத் தொடங்கினாலும், ஆயில் எச்சரிக்கை விளக்கு எரிய என்ஜினுக்குள் தட்டும் சத்தம் வந்தாலும், சோதனை எதுவும் வேண்டாம். பாதுகாப்பான இடத்தில் உடனே நிறுத்திவிடுங்கள்.

மற்றவற்றை எந்த வேகத்தில், எந்தத் திருப்பத்தில், என்ஜின் சூடாவதற்கு முன்பா பின்பா என்று குறித்துவைத்துக்கொண்டு, மெக்கானிக்கை உங்களுடன் காரில் அமரவைத்து அதே சத்தத்தை அவர் காதிலும் கேட்கச் செய்யுங்கள்.